தென்காசி காப்பி கிளப்பில் அம்மாவுக்கு ஓர் இடம்

ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு போடுவதற்குச் சில வருஷங்களுக்கு முந்தி, ஓர் ஆனி மாதம். குற்றாலத்தில் சாரல் பிடித்திருந்த சமயம். தென்காசி ரயில் நிலையத்தில் அப்பா, அம்மா, நான் என்று மூன்று பேர் மூட்டை முடிச்சுகளோடு வந்து இறங்கினோம். மகளான எனக்கு அப்போது பத்து வயசு இருக்கும். அப்பாவுக்கு அது பிறந்த மண். அம்மாவுக்கும் எனக்கும் கப்பலேறி வந்து முதன்முதலாகப் பார்க்கிற அந்நிய ஊர்.

என் அம்மா பர்மாக்காரி. அப்பா இலத்தூரிலிருந்து வாலிபத்தில் கப்பலேறிப் போய் ரங்கூனில் ஓர் அரிசி மில்லில் வேலை பார்த்தவர். அந்த மில்லுக்கு எதிரே அம்மா தெருவோரமாக ஒரு கடை போட்டு, மீன்குழம்பு ஊற்றிய அரிசிச் சேவை விற்றுக்கொண்டிருந்தாளாம். சைவச் சாப்பாட்டுக்காரரான அப்பாவுக்கு அந்தக் கடையில் என்ன வேலை என்று நான் பின்னாளில் கேட்டால் இரண்டு பேரும் சிரிப்பார்கள்.

அம்மாவை நான் அவள் ஊர் வழக்கப்படி ‘அமே’ என்றுதான் கூப்பிடுவேன். ரயிலில் அதைக் கேட்டவர்கள் நாங்கள் செங்கோட்டைக்கு அந்தப் பக்கத்து மலையாளத்துக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டார்கள். அமேக்குத் தமிழ் தெரியும். ஆனால் அதை அப்பா ஒருவரிடம் மட்டுமே கற்றுக்கொண்டவள். அதனால் அவள் வாயில் வருவதெல்லாம் சுத்தமான திருநெல்வேலிப் பேச்சு. ‘ழ’ மட்டும் வராது. பர்மா லுங்கியும் வெள்ளை ரவிக்கையும் கன்னத்தில் மரப்பட்டையை அரைத்துப் பூசிய குழம்புமாக இருக்கிற ஒரு பெண் “இங்கன, அங்கன” என்று பேசினால் கேட்பவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

கல்யாணத்துக்குப் பிறகு அப்பா ஊருக்கு வருவது அதுதான் முதல் தடவை. ஸ்டேஷனுக்குப் பெரியப்பா வந்திருந்தார். அப்பாவின் கூடப்பிறந்த அண்ணன். வயலும் தோப்பும் உள்ளவர், இலத்தூரில் நாலு பேர் மதிக்கிற மனிதர். அமேயை ஒருமுறை தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு அப்பாவைத் தள்ளிக் கூட்டிப் போனார். மெதுவாகத்தான் பேசினார். ஆனாலும் என் காதில் விழுந்தது.

“நீ மட்டும் வீட்டுக்கு வா. அதுகளுக்குக் குத்தாலத்துல ஓர் அறை பிடிச்சுப் போட்டிருக்கேன். அப்பப்ப போய்ப் பாத்துக்கிடு.”

எங்களைத்தான் ‘அதுகள்’ என்றார். அப்பா தரையைப் பார்த்தபடியே பதில் கொடுத்தார்.

“அப்ப நானும் அங்கனயே இருந்துக்கிடுதேன், அண்ணே.”

அவ்வளவுதான் சொன்னார். ஒரு ஜட்கா பிடித்து மூன்று பேரும் குற்றாலம் வந்து சேர்ந்தோம்.

அறை நன்றாகவே இருந்தது. ஜன்னலைத் திறந்தால் மலை. மலைமேல் மேகம். தூறல் சன்னமாக விழுந்துகொண்டே இருந்தது. அப்பா எதையும் பார்க்கவில்லை. பாயை விரித்துச் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். “நாளைக்கே திரும்பிருவோம்” என்றார். அமே என் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள்:

“நான் உங்க அண்ணன் வீட்டைப் பாக்க வரல. உங்க ஊரைப் பாக்க வந்தேன். இன்னும் பாக்கலியே.”

மறுநாள் விடிந்ததும் அமே எங்கள் இருவரையும் கிளப்பிவிட்டாள். பேரருவியின் சத்தம் தூரத்திலேயே காதை அடைத்தது. பக்கத்தில் போகப் போக எனக்குக் கால் பின்வாங்கியது. அமே லுங்கியை மார்புக்கு மேல் ஏற்றிக் கட்டிக்கொண்டு, எண்ணெய் தேய்த்து நின்ற பெண்கள் கூட்டத்துக்குள் புகுந்து, தலையை நேராக அருவிக்குக் கொடுத்தாள். தண்ணீர் அவளை அடிக்க அடிக்க அவள் போட்ட கூச்சலைக் கேட்டு மற்றப் பெண்களும் சிரித்தார்கள். ஒருத்தி என்னையும் இழுத்து அவள் பக்கத்தில் விட்டாள். அருவிக்குள் யாரும் யாரையும் எந்த ஊர் என்று கேட்கவில்லை.

குளித்து வந்தால் குற்றாலத்தில் எடுக்கிற பசி இருக்கிறதே, அது தனிப் பசி. வழியோரத்தில் எண்ணெய்ச் சட்டியிலிருந்து எடுத்த வடையைச் சூட்டோடு பிட்டுத் தின்றோம். சுக்குக் காப்பி குடித்தோம். ஒரு கூடையில் மங்குஸ்தான் பழத்தைப் பார்த்ததும் அமே அப்படியே நின்றுவிட்டாள். “எங்க ஊர்ப் பயம் இங்கன எப்படி வந்துச்சு?” என்று விற்றவளைக் கேட்டாள். அவள் என்ன சொன்னாளோ நினைவில்லை. ஆனால் அமே பழத்தைப் பிதுக்கி உள்ளே இருந்த வெள்ளைச் சுளையை எடுப்பதற்குள் ஒரு குரங்கு கையோடு பிடுங்கிப் போய்விட்டது. அப்பா சிரித்தார். ஊருக்கு வந்த பிறகு அவர் சிரித்தது அப்போதுதான்.

ஐந்தருவிக்கும் போனோம். பலாச்சுளை, நுங்கு, அவித்த கடலை என்று கண்ணில் பட்டதையெல்லாம் அமே வாங்கச் சொன்னாள். சும்மா தின்ன மாட்டாள். இதில் என்ன போட்டிருக்கிறது, எப்படிச் செய்கிறீர்கள் என்று விசாரித்துவிட்டுத்தான் தின்பாள். விற்கிறவர்கள் முதலில் முறைப்பார்கள். பிறகு அவர்களே கூப்பிட்டு இதையும் தின்னு பாரு என்று கையில் வைப்பார்கள். கடை போட்டவள் அல்லவா, கடைக்காரர்களோடு பேச அவளுக்குத் தெரிந்திருந்தது.

அடுத்த நாள் தென்காசிக்குப் போனோம். கோயில் கோபுரம் அப்போது மொட்டையாகத்தான் நின்றது. வாசலில் காற்று வரும் என்று அப்பா ரங்கூனிலேயே சொல்லியிருந்தார். சொன்ன மாதிரியே எங்கிருந்தோ வந்த காற்று அமேயின் காகிதக் குடையைத் திருப்பிவிட்டது. உள்ளே போனால் யாராவது ஏதாவது கேட்பார்களோ என்று அப்பா தயங்கினார். அமே அதைக் கண்டுகொண்டு, வாசலுக்கு வெளியிலேயே மண்டியிட்டு, அவள் ஊர் முறையில் நெற்றி தரையில் பட வணங்கினாள். போகிற வருகிறவர்கள் நின்று பார்த்தார்கள். அவள் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு, “இனி தோசை” என்றாள்.

அந்தத் தோசையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரங்கூனில் எங்கள் வீட்டில் எதைச் சாப்பிட்டாலும் அப்பா, “தென்காசி கிளப் தோசை மாதிரி வருமா?” என்பார். ஹோட்டலை அப்போது கிளப் என்பார்கள். ஊருக்குப் போனால் மூன்று பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து நெய்த்தோசை சாப்பிட வேண்டும் என்பார். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து கேட்ட பேச்சு அது.

கோயிலை ஒட்டிய தெருவில் இருந்தது அந்த இடம். ‘சைவாள் காப்பி கிளப்’ என்று பலகை. நீளமாக ஒரே அறை. இரண்டு பக்கமும் மேஜையும் பெஞ்சும். வாசலில் கல்லா. பின்னால் சமையல்கட்டு, அதற்குக் கதவுக்குப் பதில் ஒரு சாக்குத்திரை. நெய் வாசனை தெருவரைக்கும் வந்தது. அப்பா படியேறினார். கல்லாவில் இருந்த முதலாளி, “வாங்க அண்ணாச்சி” என்று முகம் மலர்ந்தார். பின்னாலேயே நானும் அமேயும் ஏறியதும் அவர் எழுந்துவிட்டார்.

“அண்ணாச்சி, பொம்பளையாளுக இங்கன உக்காந்து சாப்பிடுத வழக்கம் இல்ல. நீங்க சாப்பிடுங்க. அவங்களுக்குப் பொட்டலம் கட்டித் தாரேன். வண்டியில வச்சுச் சாப்பிடட்டும்.”

கெட்ட மனிதர் இல்லை. தணிந்த குரலில்தான் சொன்னார். அந்தக் காலத்தில் எந்த ஊர் கிளப்பிலும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள். அப்பா திரும்ப எத்தனித்தார். அமே நகரவில்லை.

“ஏன் அண்ணாச்சி வயக்கம் இல்ல?”

அந்த முகத்திலிருந்து அந்தப் பேச்சு வந்ததும் பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் இலையிலிருந்து தலையைத் தூக்கினார்கள். முதலாளி தலையைச் சொறிந்தார்.

“அது... எப்பவுமே இல்லம்மா.”

“நாளைக்கு இருக்குமா?”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். முதலாளி கல்லாச் சில்லறையை எண்ண ஆரம்பித்தார்.

“சரி, நாளைக்கு வாறேன்” என்று சொல்லிவிட்டு அமே என் கையைப் பிடித்துப் படியிறங்கினாள்.

வண்டியில் அப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். “எதுக்கு இந்த வம்பு? பொட்டலத்தை வாங்கியிருந்தா இந்நேரம் சாப்பிட்டிருக்கலாம்.”

கொஞ்ச தூரம் போனதும், குதிரையின் காலடிச் சத்தத்துக்கு நடுவே, அமே நிதானமாகச் சொன்னாள்.

“உங்க அண்ணன் வீட்டுல இடம் இல்லைன்னாங்க. சரி, அது அவங்க வீடு. கடை எல்லாருக்கும் தொறந்து வச்ச இடம். அங்கனயும் உங்க பொண்டாட்டி பிள்ளையோட நீங்க உக்கார முடியலைன்னா, உங்களுக்கு ஊரே இல்லைன்னு ஆயிரும். அதை நான் ஒத்துக்கிட மாட்டேன்.”

அவள் தனக்காக மட்டும் கேட்கவில்லை என்பது எனக்கு அந்த வயசில் பாதிதான் புரிந்தது.

மறுநாள் காலையில் மறுபடியும் ஜட்கா. மறுபடியும் அதே படி. “உக்கார இடம் இருக்கா, அண்ணாச்சி?” என்று அமே கேட்டாள். இன்றைக்குக் கூட்டம் என்றார் முதலாளி. உள்ளே பாதி பெஞ்சு காலி. “சரி, நாளைக்கு வாறேன்” என்று அமே இறங்கினாள். சண்டை போடவில்லை, முகம் சுளிக்கவில்லை. அங்கிருந்து நேராக ஊர் சுற்றப் போனோம். கடைத்தெரு, ஆற்றங்கரை, மாந்தோப்பு. எங்கே போனாலும் அமே வேடிக்கை பார்ப்பதில் ஒரு குறையும் வைக்கவில்லை.

அதற்கடுத்த நாள் மாவு தீர்ந்துவிட்டது என்றார். இன்னொரு நாள், வேறு வழியில்லாமல், உண்மையையே சொல்லிவிட்டார்.

“பொம்பளையாளுங்கது ஒண்ணு. அதோட நீங்க நம்ம சனமும் இல்லையேம்மா. சாப்பிட வாரவங்க மூஞ்சி சுளிக்காங்க. நான் என்ன செய்ய?”

“உங்க ஊர்க்காரரைக் கட்டியிருக்கேன். வேற எப்படி அண்ணாச்சி சனமாகுறது? சொல்லுங்க, அதையும் செஞ்சுருதேன்.”

முதலாளி மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அமே அவரைக் கிண்டல் செய்யவில்லை. நிஜமாகவே கேட்டாள்.

இந்த நாட்களில் அப்பா படிக்கு வருவதில்லை. தெருமுனையில் ஜட்கா பக்கத்திலேயே தலையைக் குனிந்து நிற்பார். நான்தான் அமேயோடு போவேன். எனக்குப் பயமாகத்தான் இருக்கும். தெருவில் எங்களை வேடிக்கை பார்க்கவே சிலர் நிற்க ஆரம்பித்திருந்தார்கள். ஆனால் என்னைப் பிடித்திருக்கிற அமேயின் கையில் ஓர் இறுக்கமும் இருக்காது. காய்கறி வாங்கப் போகிறவள் கை மாதிரி சாதாரணமாக இருக்கும்.

அப்படி ஒரு நாள் திரும்பும்போது கிளப்பின் பக்கத்துச் சந்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். வேர்த்து வடிந்த முகம், முழங்கை வரைக்கும் மாவு. முதலாளியின் மனைவி. சாக்குத்திரைக்குப் பின்னால் மாவாட்டி, தோசை வார்த்து, சட்னி அரைப்பதெல்லாம் அவள்தான் என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஒரு செம்பை நீட்டினாள்.

“தண்ணியாவது குடிச்சுட்டுப் போ, தங்கச்சி. தினமும் வந்துட்டு வெறும் வயித்தோட போறியே, எனக்கு மனசு கேக்கல.”

அமே செம்பை வாங்கிக் குடித்தாள். எனக்கும் கொடுத்தாள். பிறகு கேட்டாள்: “அக்கா, நீங்க எங்கன உக்காந்து சாப்பிடுவீங்க?”

அந்தப் பெண் தன் மாவுக் கையைப் பார்த்துக்கொண்டாள். இதுவரைக்கும் யாரும் அவளை அப்படிக் கேட்டதில்லை போலிருக்கிறது.

“நானா? எல்லாரும் சாப்பிட்டுப் போனப்புறம் அடுப்படியில நின்னுக்கிட்டே ரெண்டு வாய் போட்டுக்கிடுவேன்... உக்காந்தா எப்படி, வேலை கெடக்கே” என்றாள். சொல்லிவிட்டுச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு நாங்கள் வண்டியில் ஏறும்வரை சந்திலேயே நின்றாள்.

அதற்கு அடுத்த காலையில்தான் நடந்தது எல்லாம்.

அன்றைக்குச் சாரல் மழையாகவே வலுத்திருந்தது. அமே காகிதக் குடையை எனக்கும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு படியருகே நின்று வழக்கம்போலக் கேட்டாள். முதலாளி வழக்கம்போல இல்லை என்று தலையாட்டினார். அந்த நேரத்தில் ஒரு வில்வண்டி வேகமாக வந்து நின்றது. பெரியப்பா இறங்கினார். ஊர்ப்பேச்சு இலத்தூர் வரைக்கும் போயிருந்திருக்கிறது.

எங்களைத் தாண்டிக்கொண்டு நேரே தெருமுனைக்குப் போய் அப்பா முன்னால் நின்றார். மழைச் சத்தத்தையும் மீறிக் குரல் கேட்டது.

“ஏலே, நம்ம வீட்டு மானத்தைக் கொண்டாந்து சந்தியில போடுதியா? ஊரே சிரிக்கு. அவளைக் கூட்டிக்கிட்டு இன்னைக்கே ரயிலேறு. இல்லைன்னா எனக்குத் தம்பின்னு ஒருத்தன் இல்ல.”

அப்பா நனைந்துகொண்டு நின்றார். ஸ்டேஷனில் அண்ணன் முகத்தைப் பார்க்காமல்தான் பேசினார். அன்றைக்கு நிமிர்ந்து பார்த்தார்.

“அண்ணே, எனக்குப் பசிக்கு. எம் பொண்டாட்டிக்கும் பசிக்கு. சாப்பிட்டுட்டு வாறேன்.”

சொல்லிவிட்டு நடந்து வந்தார். ஓடவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. அமேக்குப் பக்கத்தில் வந்து நின்று, தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, முதலாளியிடம் கேட்டார்.

“அண்ணாச்சி, மூணு பேருக்கு இடம் வேணும்.”

அமே அவரைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. அவளுக்கு அந்தக் கணமே தோசை கிடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

பெரியப்பாவும் பின்னாலேயே வந்துவிட்டார். அவர் இப்போது முதலாளியைப் பார்த்துச் சொன்னார்: “இவங்களை உள்ள உக்கார வச்சீருன்னா, எங்க ஆளு ஒருத்தன் இந்தப் படி மிதிக்க மாட்டான். யோசிச்சுக்கிடும்வே.”

முதலாளி முகம் வெளுத்துவிட்டது. அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அந்தக் கிளப்தான் அவருக்குப் பிழைப்பு. “அண்ணாச்சி, தயவு செஞ்சு போயிருங்க” என்று அப்பாவைக் கும்பிட்டார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை இலையில் வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள். கல்லில் தோசை வேகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

சாக்குத்திரையைத் தள்ளிக்கொண்டு முதலாளியின் மனைவி வெளியே வந்தாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே அந்த அறைக்குள் நடந்து வந்தாள். ஆண்கள் சாப்பிடுகிற நேரத்தில் அவள் அங்கே வந்ததே இல்லை போலும். முதலாளி பதறிப்போய்விட்டார்.

“ஏட்டி, உள்ள போ!”

“போகல.”

அவள் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

“மாவு நான் ஆட்டினது. தோசை நான் சுட்டது. இந்தக் கடை தொறந்த நாளா ஊருக்கே ஆக்கிப் போட்டிருக்கேன். ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, நான் இங்கன உக்காந்து தின்னது உண்டா? நேத்து இவ என்னைக் கேட்டா, நீ எங்கன உக்காந்து சாப்பிடுவேன்னு. அடுப்படியில நின்னுக்கிட்டுன்னு சொல்ல எனக்கே வெக்கமா இருந்துச்சு.”

சொல்லிக்கொண்டே மூலையில் அடுக்கியிருந்த வாழை இலைகளை எடுத்தாள். காலியாகக் கிடந்த பெஞ்சுக்கு முன்னால் வரிசையாகப் போட்டாள். மூன்று அல்ல, நான்கு இலை. தண்ணீர் தெளித்தாள். நாலாவது இலைக்கு முன்னால் அவளே உட்கார்ந்தாள்.

“வா தங்கச்சி. வாங்க அண்ணாச்சி. ஏ பிள்ளை, நீயும் வா.” பிறகு புருஷனைப் பார்த்துச் சொன்னாள்: “நீங்க பரிமாறுங்க.”

அமே குடையைச் சுருக்கி வாசலில் சாத்திவிட்டு உள்ளே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். நானும் அப்பாவும் உட்கார்ந்தோம். இரண்டு மூன்று பேர் பாதி இலையில் எழுந்து கை கழுவாமலே வெளியே போனார்கள். பெரியப்பா வில்வண்டிக்குத் திரும்பினார். வண்டி மாட்டை விரட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. எதிர் பெஞ்சில் இருந்த ஒரு பெரியவர் எழுந்திருக்கவில்லை. “என்னவே பாத்துக்கிட்டு நிக்கீரு, பிள்ளை பசியோட இருக்குல்லா” என்று முதலாளியைப் பார்த்துச் சொல்லிவிட்டுத் தன் தோசையைத் தின்னத் தொடங்கினார்.

முதலாளி வாசலைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி இடுப்பில் கட்டிக்கொண்டு சமையல்கட்டுக்குள் போனார்.

தோசை வார்க்க அங்கே வேறு ஆள் இல்லை. அவரே வார்த்தார். அப்பா வருஷக்கணக்காகப் பேசிப் பேசி எங்களைக் கப்பலேற வைத்த அந்தத் தென்காசித் தோசை, ஒரு பக்கம் கருகி, நடுவில் கிழிந்து, அமேயின் இலையில் வந்து விழுந்தது. எல்லாரும் அதையே பார்த்தோம். அமே ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டு மென்று விழுங்கினாள். பிறகு அப்பாவைப் பார்த்துக் கேட்டாள்:

“இதுக்கா இத்தனை வருசம் பேசினீங்க?”

முதலில் சிரித்தது முதலாளியின் மனைவி. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். எதிர் பெஞ்சுப் பெரியவருக்குப் புரையேறிவிட்டது. அப்பா சிரித்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் மட்டும் ஆடியது. அமே அவர் முதுகில் கையை வைத்துக்கொண்டு மறு கையால் தோசையை முழுவதும் தின்று முடித்தாள். ஒரு துளி மிச்சம் வைக்கவில்லை.

முதலாளி அடுத்த தோசையோடு வந்தார். அதைத் தன் மனைவியின் இலையில் வைக்கக் கையை நீட்டியவர் ஒரு நொடி தயங்கினார். அவளுக்கு அவர் பரிமாறுவது அதுவே முதல் முறையாக இருக்க வேண்டும். “கருகிட்டு” என்றார் மெதுவாக. “பரவாயில்ல, வைங்க” என்றாள் அவள்.

பெரியப்பா சொன்னதைச் செய்தார். அவருக்கு வேண்டியவர்கள் சிலர் அந்தக் கிளப்புக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். முதலாளிக்கு முகம் வாடித்தான் இருந்தது. அவர் மனைவி மட்டும், “போறவன் போகட்டும். தோசை தின்னாம எத்தனை நாளைக்குத்தான் இருப்பானுவ” என்று அடித்துச் சொன்னாள். நாங்கள் குற்றாலத்தில் இருந்த மிச்ச நாட்களில் காலைச் சாப்பாடு அங்கேதான். அவள் வார்த்த தோசையைத் தின்ற பிறகுதான் அப்பா இத்தனை வருஷம் பேசியதில் நியாயம் இருக்கிறது என்று அமே ஒத்துக்கொண்டாள். ஆனாலும் சட்னியில் காரம் பத்தாது என்று சமையல்கட்டுக்கே போய்த் தானே மிளகாய் வறுத்து அரைத்துக் காட்டினாள். புறப்படுவதற்கு முந்திய நாள், கோயிலுக்கு வந்த ஒரு குடும்பம் படியில் தயங்கி நின்றது. புருஷன், பெண்டாட்டி, இடுப்பில் கைக்குழந்தை. முதலாளி அவர்களைப் பார்த்தார், உள்ளே அமேயையும் பார்த்தார். பிறகு, “உள்ள வாங்க, இடம் இருக்கு” என்றார்.

பெரியப்பா வீட்டு வாசலை அமே கடைசிவரை மிதிக்கவில்லை. அவரும் கூப்பிடவில்லை. ரயிலேறும்போது அப்பா ஒருமுறை இலத்தூர் இருக்கிற திசையைப் பார்த்தார். அவ்வளவுதான். அந்தப் பிரிவு அப்படியே நின்றுவிட்டது. ஆனால் ரங்கூனுக்குத் திரும்பிய அப்பா, ஊரைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்துவதை விட்டுவிட்டார்.

பிறகு யுத்தம் வந்தது. கப்பல் கிடைக்காமல், ஆயிரக்கணக்கானவர்களோடு நாங்களும் மலையும் காடும் தாண்டி நடந்து வந்தோம். வழியில் கண்ட காய்ச்சலில் அமே போய்விட்டாள். காய்ச்சலிலும், இன்னும் கொஞ்ச தூரம், இன்னும் கொஞ்ச தூரம் என்று என்னை நடக்கவைத்தவள் அவள்தான். அப்பாவும் நானும் வந்து சேர்ந்தோம். நான் இந்தப் பக்கத்திலேயே வளர்ந்து, கல்யாணம் ஆகி, இப்போது பேரப்பிள்ளைகளும் எடுத்துவிட்டேன்.

கிளப்பின் முதலாளியும் அவர் மனைவியும் எந்தக் காலத்திலோ போய்விட்டார்கள். அந்த இடத்தில் இப்போது துணிக்கடை. என் பேத்திகள் எந்த ஹோட்டலிலும் சர்வசாதாரணமாக நுழைந்து உட்கார்ந்து வேண்டியதைக் கேட்டு வாங்கித் தின்கிறார்கள். ஒரு காலத்தில் இதற்காக ஒருத்தி நாள்தோறும் மழையில் வந்து நின்றாள் என்று சொன்னால் கதை என்று நினைக்கிறார்கள். நினைக்கட்டும், அதுவும் நல்லதுதான். எனக்கு மட்டும், வாழ்க்கையில் எந்த வாசலில் யார் ‘வழக்கம் இல்லை’ என்று சொன்னாலும் கோபமோ அழுகையோ வந்ததில்லை. உள்ளே அடுப்படியிலும் ஒருத்தி நின்றுகொண்டே சாப்பிட்டுக்கொண்டிருப்பாள், அவளுக்கும் கேட்கும்படி இன்னொரு தடவை கேட்டுப் பார்ப்போம் என்றுதான் இன்றுவரை தோன்றுகிறது.